பாரம் தூக்குவோரின் தோள்வலி: கேள்வி பதில்

பாரப் பயிற்சியால் ஏற்படும் தோள்வலி குறித்து இலங்கை மலையகத்தின் பல ஊர்களிலிருந்து பலர் கேட்ட கேள்விகளுக்கு, அரசாங்க வைத்தியசாலையொன்றில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) பணியாற்றும் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

ஹட்டனிலிருந்து: சேர், எனக்கு வயது 24. பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து, பார் எனப்படும் இரும்புத் தண்டை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி) செய்யும்போது பார் நெஞ்சை நெருங்கும் இடத்தில் வலது தோளின் முன்பக்கம் வலிக்கிறது. இரண்டு வாரம் ஓய்வெடுத்தால் வலி போய்விடுகிறது; மீண்டும் தொடங்கினால் வந்துவிடுகிறது. பயிற்சியையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டியதில்லை, தம்பி. ஆனால் சில நாள் முழு ஓய்வு, பிறகு நேராகப் பழைய பாரம் என்று மாறிக்கொண்டிருக்கும் வரை இந்த வலி உங்களை விடப்போவதுமில்லை. தோள்மூட்டில் மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, ஆழம் குறைந்த ஒரு சிறு குழியில் பொருந்தியிருக்கிறது. கை எந்தப் பக்கம் அசைந்தாலும் அந்தத் தலையைக் குழியின் நடுவிலேயே பிடித்து வைத்திருப்பது ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறிய தசைகளும் அவற்றை எலும்புடன் இணைக்கும் நாண்களும்தான். நெஞ்சுத் தசை சில மாதங்களில் வலுத்துவிடும்; நாண்கள் பாரத்துக்குப் பழகுவதற்கு அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும். ஓய்வில் வலி அடங்குகிறதே தவிர நாண் வலுப்பெறுவதில்லை. ஆகவே இரண்டு வாரங்களுக்குப் பிறகு அதே பாரத்தைத் தூக்கும்போது, முன்னைவிடச் சற்றுத் தளர்ந்த நாணின் மீதுதான் அதை ஏற்றுகிறீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். வலிக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று நீங்களே மதிப்பிடுங்கள். பயிற்சியின்போது மூன்றைத் தாண்டாமலும், மறுநாள் காலைக்குள் அடங்கிவிடுவதாகவும் உள்ள பாரம் எதுவோ, அதுவே இப்போதைக்கு உங்கள் பாரம். அது தட்டுகள் மாட்டாத வெறும் பாராக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழங்கைகளை உடலுக்குச் செங்குத்தாக விரிக்காமல் ஏறக்குறைய 45 முதல் 60 பாகை வரை வைத்துக்கொள்ளுங்கள். பிடியின் அகலத்தைக் குறையுங்கள். தோள்பட்டைகளைப் பின்னோக்கி இழுத்து பெஞ்சில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். அப்படியும் வலித்தால், சில வாரங்களுக்குத் தரையில் படுத்து டம்பல் தூக்குங்கள். முழங்கை தரையில் தட்டுவதால், வலி தோன்றும் ஆழத்துக்குக் கை இறங்காது. இதனுடன் ரப்பர் பட்டியைக் கொண்டு கையை வெளிப்புறமாகச் சுழற்றும் பயிற்சியை வாரத்துக்கு மூன்று முறை செய்யுங்கள். தள்ளும் பயிற்சிக்குக் குறையாமல் இழுக்கும் பயிற்சியும் இருக்கட்டும். ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை பொறுமை வேண்டும். அதற்கு முன்பே வலி நின்றுவிட்டாலும், பாரத்தை ஒவ்வொரு முறையும் 2.5 கிலோவாகத்தான் கூட்ட வேண்டும்.

தலவாக்கலையிலிருந்து: ஐயா, தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வேலை (செடிகளைக் கத்தியால் வெட்டிவிடுவது) செய்கிறேன். மாலையில் ஜிம்முக்குப் போகிறேன். கத்தி பிடிக்கும் கையின் தோள் இரவில் படுக்க விடாமல் வலிக்கிறது. பயிற்சியாளர் எழுதித் தந்த அட்டவணைப்படிதான் செய்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை.

பதில்: அட்டவணையில் பிழையிருக்காது, அது உங்களுக்காக எழுதப்பட்டதாக இல்லை என்பதுதான் சிக்கல். பகலெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் தோள் மாலையில்தான் முதன்முறையாக உழைக்கிறது. நீங்களோ சரிவில் நின்று நூற்றுக்கணக்கான முறை கத்தியை வீசிவிட்டு வருகிறீர்கள். கத்தி வீச்சும் கொழுந்துச் சாக்கைத் தூக்குவதும் தோளின் கணக்கில் பயிற்சிதான். அது வேலையென்றும் இது உடற்பயிற்சியென்றும் நாண்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. எனவே கவ்வாத்து நடக்கும் வாரங்களில் வேலை நாட்களின் மாலைகளைக் கால், இடுப்பு, முதுகுப் பயிற்சிகளுக்கு ஒதுக்குங்கள். தோளால் தள்ளும் பயிற்சிகளை வாரத்துக்கு ஒரு முறை, வேலையில்லாத நாளில் மட்டும், குறைந்த பாரத்துடன் செய்யுங்கள். தலைக்குப் பின்னால் பாரை இறக்கித் தூக்குவதையும், பாரைத் தாடைவரை நேராக மேலிழுப்பதையும் இப்போதைக்கு முற்றாக விட்டுவிடுங்கள். இரவில் மறுபக்கம் சரிந்து படுத்து, வலிக்கும் கையை நெஞ்சுக்கு முன் ஒரு தலையணையின் மீது வைத்துக்கொண்டால் தூக்கம் ஓரளவு கிடைக்கும். மாலையில் வெறுமனே வீட்டுக்குப் போய்ப் படுப்பது சில நாட்களில் உங்களுக்குச் சிறந்த பயிற்சியாக அமையும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பண்டாரவளையிலிருந்து: தோளின் உச்சியில், காறையெலும்பு (கழுத்தடியிலிருந்து தோள்வரை செல்லும் எலும்பு) முடியும் இடத்தில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி. டிப்ஸ் (இரு கம்பிகளில் கையூன்றி உடலை இறக்கி ஏற்றுவது) செய்தால் அதிகமாகிறது. கையை மறு தோளின் பக்கம் கொண்டுபோனாலும் வலிக்கிறது.

பதில்: நீங்கள் சொல்வது ரொட்டேட்டர் கஃப் வலியைவிட, காறையெலும்பும் தோள்பட்டை எலும்பும் சந்திக்கும் சிறிய மூட்டின் வலியாகவே தோன்றுகிறது. தொடர்ந்து பாரம் தூக்கும் இளைஞர்களில் காறையெலும்பின் வெளிமுனை மெல்ல அரிபடுவதுண்டு. எக்ஸ்ரேயில் அது தெரியக்கூடும். டிப்ஸை நிறுத்துங்கள், பெஞ்ச் பிரஸில் ஆழத்தைக் குறையுங்கள். இது குணமாகச் சில மாதங்கள்கூட ஆகலாம். ஆனால் பெரும்பாலானோருக்குப் பாரத்தைக் குறைப்பதே போதுமானது.

நுவரெலியாவிலிருந்து: காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சி. குளிரால் தோள் இறுகிப் போயிருக்கிறது. சித்தாலேப தேய்த்துக்கொண்டு தொடங்கினால் போதுமா?

பதில்: தைலம் தோலில்தான் சூட்டை உணர்த்துகிறது, மூட்டையும் தசையையும் அசைவுதான் சூடாக்கும். பனி கொட்டும் ஜனவரி மாதத்தில், வியர்வை இலேசாக அரும்பும்வரை ஜேர்சியைக் கழற்றாமல் பத்து நிமிடம் ஓடுங்கள் அல்லது கயிறு தாண்டுங்கள். பிறகு வெறும் பாரில் தொடங்கி மூன்று நான்கு படிகளில் பாரத்தை ஏற்றுங்கள். தைலத்தின் மணம் பிடித்திருந்தால் தாராளமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

நாவலப்பிட்டியிலிருந்து: வயது 46. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் நாண் பகுதியாகக் கிழிந்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் முழுவதும் கிழிந்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

பதில்: எவ்வித வலியும் இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலும் நாற்பது வயதுக்குப் பிறகு இத்தகைய கிழிவுகள் பலரிடம் காணப்படுகின்றன. வயது கூடக் கூட அவை அதிகரிக்கின்றன. அறிக்கையில் உள்ள கிழிவுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று அந்தக் காகிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 2018இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றை இங்கு குறிப்பிடலாம். நாண் முழுதாகக் கிழியாத தோள்வலிக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு எலும்பைச் சீவி இடமுண்டாக்கும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. மற்றொரு பகுதியினருக்குக் கருவியை உள்ளே செலுத்திப் பார்த்ததோடு நிறுத்தினார்கள். இரு பகுதியினரின் வலியிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே மூன்று மாதங்களாவது முறையான பயிற்சி சிகிச்சையைச் செய்து பார்க்காமல் கத்திக்கு அவசரப்படாதீர்கள். ஆனால் திடீரென விழுந்தோ இழுபட்டோ கையைத் தூக்கவே முடியாமல் போயிருந்தால் கதை வேறு. அப்போது காத்திருப்பதுதான் தவறு.

பதுளையிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்கு 15 வயது, பாடசாலைக் குழுவில் பளுதூக்குகிறாள். உயரம் வளராது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஸ்னாட்ச் (பாரைத் தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்குவது) தூக்கும்போது தோள் வலிப்பதாகவும் சொல்கிறாள்.

பதில்: அம்மா, பயிற்றுநரின் மேற்பார்வையில் முறையாகப் பாரம் தூக்குவதால் வளர்ச்சி நிற்பதில்லை, உறவினர்களின் அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் வலியை அலட்சியம் செய்ய வேண்டாம். இந்த வயதில் மேற்கை எலும்பின் தோள் முனையில், எலும்பு நீளக் காரணமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாமல் இருக்கக்கூடும். வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அதுவரை தலைக்கு மேல் தூக்குவதை நிறுத்திவிட்டு, கால் பயிற்சியைத் தொடரட்டும். ஸ்னாட்சில் மேல்முதுகு நிமிர மறுத்தால் அந்தக் குறையைத் தோள் ஏற்க நேரிடும் என்பதால், முதுகின் நெகிழ்ச்சியையும் பயிற்றுநர் பார்ப்பது நல்லது.

கம்பளையிலிருந்து: பயிற்சிக்கு முன் டைக்ளோபெனக் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று சொல்லும் வலியை அடக்கிவிட்டுத் தூக்குவது ஆபத்து. அடிக்கடி எடுத்தால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடும்.

ஹப்புத்தளையிலிருந்து: உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் எவை?

பதில்: மூட்டு நழுவி வடிவம் மாறியிருத்தல், பெஞ்ச் பிரஸின்போது ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்து நெஞ்சோரமும் மேற்கையும் கன்றிப்போதல், கழுத்திலிருந்து கைவரை மரத்துக் கை வலுவிழத்தல், காய்ச்சலுடன் மூட்டு வீங்குதல். தோளை அசைப்பதற்கும் வலிக்கும் தொடர்பே இல்லாமல், இடது தோளிலோ கையிலோ நெஞ்சிறுக்கத்துடனும் வியர்வையுடனும் வலி வந்தால், அது இதயத்தின் வலியாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். மற்றவர்கள் அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை. எந்தப் பயிற்சியில், எவ்வளவு பாரத்தில் வலிக்கிறது என்று எழுதிய கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.

மீண்டும் ஹட்டனிலிருந்து: தோளைச் சுழற்றினால் 'டக்' என்று சத்தம் வருகிறது. வலி இல்லை.

பதில்: வலியில்லாத சத்தத்துக்குச் சிகிச்சை தேவையில்லை. மூட்டு சிக்கிக்கொண்டாலோ நழுவுவதுபோல் இருந்தாலோ மட்டும் காட்டுங்கள்.