முதல் உலகப் போரில் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனின் கேப்டன் பிடிபட்டாரா, தப்பினாரா? பாய்மரக் கப்பலில் தப்பி அரேபியா போனார் என்று ஒரு கட்டுரையில் படித்தேனே?

பிடிபட்டார். 1914 நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அடித்த அடியில் எம்டன் தரைதட்டியது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் கைதியானார். நீங்கள் படித்த, "பாய்மரக் கப்பலில் தப்பி அரேபியா போனவர்" வேறு ஆள்: அவருக்கு அடுத்த நிலை அதிகாரி ஹெல்முத் ஃபான் முக்கே.

தமிழில் எழுதும்போது இரண்டு பெயரும் 'ஃபான் மு' என்றே தொடங்குவதால் வந்த குழப்பமாக இருக்கும். சண்டை நடந்தபோது முக்கே கப்பலிலேயே இல்லை. சுமார் 50 பேருடன் தீவில் இறங்கி, தந்தி நிலையத்தை உடைத்துக்கொண்டிருந்தார். அங்கே கிடந்த 'ஆயிஷா' என்ற பழைய பாய்மரக் கப்பலில் ஏறிக் கிளம்பிவிட்டார். துணிச்சல்காரர்தான்!

நீங்கள் படித்த கட்டுரையில் 1915-ஐத் தேடிப் பாருங்கள். ஏமன், கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) என்று வந்தால் அது முக்கே. மால்டா சிறை என்றால் முல்லர்.

ஒன்று, 1917-இல் இங்கிலாந்தில் சுரங்கம் தோண்டித் தப்பிய கதை வந்தால் அதை முக்கே கணக்கில் எழுதிவிடாதீர்கள். அது முல்லர்தான், 1916-இலேயே அவரை அங்கே மாற்றியிருந்தார்கள். அப்புறம் மறுபடியும் பிடிபட்டார், பாவம். சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய முல்லர் 1923-இல், 49 வயதில் இறந்தார்.