புதிதாக வாங்கிய இழுவைக் குதிரையை வண்டிக்குப் பழக்குவது எப்படி?

விற்றவர் 'வண்டிக்குப் பழகிய குதிரைதான்' என்று சொன்னார், வந்து இரண்டு நாள் ஆகிறது, இந்த வாரமே பூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் அப்படிப் பூட்டிப் பட்டவன்.

என்னுடையது ஒன்பது வயதுப் பெட்டை, 800 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சேணம் போடும்போது சிலை மாதிரி நின்றது. எவ்வளவு சாது என்று மூன்றாம் நாளே பூட்டிவிட்டேன். முதல் திருப்பத்தில் ஏர்க்கால் (வண்டியிலிருந்து குதிரையின் இரு பக்கமும் முன்னால் நீளும் கழி) தோளில் இடித்தது. திகைத்து நின்றது. உடனே இழுவார், அதாவது வண்டியை இழுக்கும் பக்கவாட்டு வார், தளர்ந்து பின்னங்காலின் உட்பக்கம் உரச, வண்டியோடு வேலி வரை பறந்துவிட்டது. ஒரு ஏர்க்கால் முறிந்தது. லகானைக் கையில் சுற்றி வைத்திருந்ததால் என் இரண்டு விரல்கள் ஒரு மாதம் சரியாக மடங்கவில்லை. பிறகு விசாரித்தால், அது அதுவரை ஜோடியாகவே வேலை செய்த குதிரையாம். பக்கத்தில் துணை இல்லாமல், இரு பக்கமும் ஏர்க்கால் இடிக்க நடந்ததே இல்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை. எதற்குப் பழகியது என்று நான்தான் கேட்கவில்லை.

அதனால் அதற்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தெரிந்த பாடம் என்றால் சீக்கிரம் தாண்டிவிடும், நஷ்டமில்லை.

முதலில் கற்க வேண்டியது நிற்க. 'நில்' என்றால் நாலு காலும் ஊன்றி, நீங்கள் 'நட' சொல்லும்வரை நிற்கவேண்டும். சில விநாடிகளில் தொடங்கிப் பல நிமிடங்களுக்குக் கொண்டுபோங்கள். அது நிற்கும்போது சுற்றி நடங்கள், முதுகில் வாரைப் போட்டு எடுங்கள், ஒரு கயிற்றைப் பின்னங்கால்களில் உரசவிடுங்கள். இடப்பக்கம் பழகியதை வலப்பக்கம் புதிதாகப் பார்த்தது போல மிரளும், எனவே எல்லாம் இரு பக்கமும். பாதி பூட்டியும் பாதி பூட்டாமலும் இருக்கிற அந்த ஓரிரு நிமிடம்தான் மிக ஆபத்தானது. அப்போது அசையாத குதிரை உங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து கழுத்து வளையம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். குதிரை இழுப்பதாகச் சொல்கிறோமே தவிர, உண்மையில் அது தோளால் வளையத்தைத் தள்ளுகிறது. தலையை நேராக வைத்து நிற்கும்போது, வளையத்தின் அடிக்கும் மூச்சுக்குழலுக்கும் நடுவே உங்கள் உள்ளங்கை தட்டையாக நுழையவேண்டும், பக்கவாட்டில் விரல்கள் நுழையவேண்டும். இறுக்கமாக இருந்தால் மூச்சு முட்டும். பெரிதாக இருந்தால் ஆடி ஆடித் தோலைத் தின்றுவிடும். முதல் சில வாரங்களில் வேலையால் குதிரை இளைக்கும், சரியாக இருந்த வளையம் அப்போது தொளதொளத்துவிடும். என் குதிரைக்குத் தோளில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி உதிர்ந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. வேலை முடிந்ததும் வளையத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள்: காய்ந்த வியர்வை உப்புத்தாள் போல நெருடும். தினமும் துடைக்கவேண்டும். புண் வந்துவிட்டால் வேலைக்கே விடுமுறை. இழுத்தால் வலிக்கும் என்று ஒரு முறை தெரிந்துகொண்ட குதிரை அடுத்த முறை வளையத்துக்குள் சாயாது.

பக்கமும் பின்னாலும் தெரியாமல் மறைக்கும் கண்பட்டையைக் கட்டலாமா என்பதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ('கடிவாளம் கட்டிய குதிரை மாதிரி' என்று பேச்சில் சொல்லும்போது நாம் நினைப்பது இந்தக் கண்பட்டையைத்தான்; கடிவாளம் வாயில் கிடப்பது.) குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தவிர ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். பின்னால் வருவதை முதலில் கண்பட்டை இல்லாமல் பார்த்துப் பழகட்டும், அப்புறம் கட்டுங்கள் என்பேன். பட்டையோடு மட்டுமே பழகிய குதிரைக்கு அது ஒரு நாள் நழுவினால் பின்னால் ஒரு பூதம் துரத்துவதாகத் தெரியும். இதே காரணத்துக்காக, வண்டியை விட்டுக் கழற்றுவதற்கு முன், கண்பட்டையும் கடிவாளமும் சேர்ந்த தலைக்கட்டை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பிறகு நீள லகான் பிடித்துப் பின்னால் நடப்பது. உதை எட்டாத தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். திருப்பம், நிறுத்தம், ஓரடி பின்வாங்கல் எல்லாம் இங்கேயே படியவேண்டும்.

இழுவைக்குப் பழைய டயர் போதும். முதலில் ஒருவர் அதை முன்னால் தரையில் இழுத்துப்போகட்டும், குதிரை பின்தொடரட்டும். தான் துரத்துகிற பொருளுக்கு அது பயப்படாது. பிறகு பக்கத்தில், பிறகு பின்னால். அதன்பின் டயரின் கயிற்றை இழுவாரோடு சேர்க்கும்போதும் நுனியைக் கட்டாதீர்கள். உதவியாளர் கையில் பிடித்திருக்கட்டும், மிரண்டால் விட்டுவிடலாம். ஏர்க்காலுக்கு முன்னோட்டமாக இரண்டு நீளக் கழிகளைப் பக்கங்களில் உரசவிட்டுத் திருப்பிப் பழக்குங்கள். நான் தவறவிட்ட பாடம் இது.

பாரக் கணக்கு: நாள் முழுக்க வேலை என்றால் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு இழுப்பு என்பது பொதுவான அளவு. 800 கிலோ குதிரைக்கு 80 கிலோ. இது வாரில் விழும் இழுப்பு, வண்டியின் எடை அல்ல. கெட்டியான சமதரையில் ஒரு டன் சக்கர வண்டி அதற்குள் அடங்கிவிடும், சேற்றில் அடங்காது. புதுக் குதிரைக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஓய்வு நாளில் தானியத்தைக் குறைத்துவிடுங்கள். முழுத் தீனி தின்று சும்மா நின்ற குதிரையை மறுநாள் வேலையில் இறக்கினால் தசை இறுகி நடக்க முடியாமல் போகலாம், சிறுநீர் கறுத்துப் போகும். அப்படி ஆனால் அங்கேயே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எனக்கு இரண்டாம் முறை ஏழு வாரம் பிடித்தது. மீண்டும் வண்டியில் பூட்டிய அன்று, அதே மாதிரி ஒரு திருப்பத்தில் இழுவார் தளர்ந்து அதன் பின்னங்காலில் விழுந்தது. 'நில்' என்றேன். ஒரு காதைப் பின்னால் திருப்பிக் கேட்டது, நின்றது. உதவிக்கு வந்தவர் வாரை எடுத்துச் சரிசெய்யும் வரை நின்றுகொண்டே இருந்தது.