வீட்டில் பாடக்கூடாத பாட்டு

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஆஸ்திரியாவின் வோர்த்தர்சே ஏரிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். நாங்கள் இருக்கும் கிராஸிலிருந்து பக்கம்தான். ஆல்ப்ஸ் ஏரி, கால் வைத்தால் விறைக்கும் என்று பயந்துகொண்டு போனால் தண்ணீர் 26 டிகிரி! நாலு வயது மகளைக் கரையேற்றவே முடியவில்லை. அடியில் வெந்நீர் ஊற்று இருக்கும் என்கிறார் என் கணவர். உண்மையா? பிராம்ஸ், மாலர், ஆல்பன் பெர்க் என்ற இசையமைப்பாளர்கள் மூவரும் இந்தக் கரையில் உட்கார்ந்து எழுதியவர்கள். ஓர் இடத்துக்குப் படைப்பைத் தரும் சக்தி உண்டு என்று நம்புகிறீர்களா? நம் ஊரில் ஏன் அப்படி ஓர் ஏரி இல்லை?

பி.கு.: மாலர் இங்கேதான் இறந்த குழந்தைகளைப் பற்றிய பாடல்களை எழுதினாராம், பிறகு அவர் மகளே இங்கே இறந்தாளாம். நான் பாதி எழுதி வைத்திருக்கும் கதையில் ஒரு குழந்தை சாகிறது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன எழுத்து இது, கிழித்துப் போடு" என்றாள். கிழிக்கவில்லை, ஆனால் அதன் பிறகு தொடவும் இல்லை.

சு.

அன்புள்ள சு.,

வெந்நீர் ஊற்று கிடையாது. கணவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த ஏரி ஆல்ப்ஸின் தெற்கு முதுகில், கரிந்தியா மாநிலத்தின் பள்ளத்தில் கிடக்கிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை மலைத்தொடர் மறித்துக்கொள்கிறது. பனியாற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் திராவ் ஆறு ஏரிக்குள் நுழையாமல் தெற்கே ஒரு குன்றுவரிசைக்கு அப்பால் தன் பாட்டுக்குப் போய்விடுகிறது. ஏரிக்கு வருபவை சின்னச் சின்ன ஓடைகள்தான். உள்ளே வந்த தண்ணீர் வெளியேற ஏறக்குறைய பத்து வருஷம் ஆகிறது. வருவதும் குறைவு, போவதும் மெல்ல, மேலே காற்றும் கம்மி. கோடை முழுக்க வெயில் மேல்தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் உங்கள் மகள் குளித்தது ஏரியின் தோலில். ஆழம் 85 மீட்டர். கீழே வருஷம் முழுக்க நாலைந்து டிகிரிதான். குளிர்நாட்டு ஏரிகளில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ அடிமுதல் மேல்வரை புரளும். இது புரள்வதில்லை. காற்றுக்கு அந்த பலம் இல்லை. ஐம்பது அறுபது மீட்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீர் மேலே வருவதே இல்லை, அங்கே மூச்சுவிட ஆக்சிஜனும் இல்லை. இப்படிப் பாதியே கலக்கும் ஏரிகளுக்கு 1935-இல் 'மெரோமிக்டிக்' என்று பெயர் வைத்தவர் இங்கோ ஃபிண்டெனெக், இதே கரிந்திய ஏரிகளை ஆராய்ந்தவர். இன்று உலகத்தில் இப்படிப்பட்ட எந்த ஏரிக்கும் அந்தச் சொல்தான். பக்கத்து லெங்சே ஏரியைப் பற்றி டேவிட் ஃப்ரே என்ற அமெரிக்கர் 1955-இல் சொன்னது இன்னும் வேடிக்கை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கே காடு வெட்டி உழுத விவசாயிகளால் கரைந்து வந்த களிமண்தான் அந்த ஏரியின் புரளலை நிறுத்தியது என்றார். 'ஆழத்தில் உறைந்த துக்கம்' என்று உடனே உவமை எழுதப் போகிறீர்கள், தெரியும். வேண்டாம். அது வெறும் தண்ணீர், கனமாக இருக்கிறது, கீழே கிடக்கிறது.

இடம் படைப்பைத் தருமா? சுற்றுலாத் துறைக்குத் தேவையான வாக்கியம் அது. ரயில் தரும் என்று வேண்டுமானால் சொல்லலாம். 1864-இல் தெற்கு ரயில்பாதை கரையோரமாக ஃபில்லாக் நகரம் வரை போனது. அதற்கு முன்னால் அது மீனும் விறகும் படகும் இருந்த ஏரி. ரயில் வந்த பிறகு வியன்னாவின் வசதிக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 1877, 78, 79 மூன்று கோடையும் பிராம்ஸ் வடகரையில் பொர்ச்சாக் கிராமத்தில் தங்கினார். இங்கே ராகங்கள் பறக்கின்றன, மிதித்துவிடாமல் நடக்க வேண்டும் என்று நண்பருக்கு எழுதினார். அதைத்தான் எல்லாக் கையேட்டிலும் போட்டு வைத்திருக்கிறார்கள். பிராம்ஸ் நல்ல விடுதியும் நல்ல காப்பியும் கிடைத்த எந்த ஊரிலிருந்தும் அப்படி ஒரு கடிதம் எழுதக்கூடியவர்.

நம் ஊரில் ஏன் இல்லை என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் ஊறுகாய்ப் பொட்டலம் மாதிரி அதையும் கட்டிக்கொண்டு போகிறோம்.

உங்கள் பின்குறிப்புதான் என்னை உட்கார வைத்தது. கொஞ்ச நாளாகவே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் தேதிகளைச் சொல்லிவிடுகிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

மாலர் தென்கரையில் மையர்னிக் என்ற இடத்தில் வீடு கட்டினார். 1901 கோடையில் அந்தப் பாடல்களில் மூன்றை எழுதினார். அப்போது அவருக்குப் பிள்ளை மட்டுமல்ல, மனைவியே கிடையாது. அல்மாவை அவர் சந்தித்ததே அந்த நவம்பரில்தான். கல்யாணம் 1902 மார்ச்சில், மூத்த மகள் மரியா பிறந்தது அதே வருஷம் நவம்பரில். மீதி இரண்டு பாடல்களை 1904-இல் முடித்தார். மரியா இறந்தது 1907 ஜூலை 12. முதல் பாட்டுக்கும் சாவுக்கும் ஆறு வருஷம் இடைவெளி. ஆறு வருஷம் கழித்து வந்து சேர்கிற சாபத்துக்கு அஞ்சல்துறை நடத்துகிறவர் யார்?

சரி, எதற்காக எழுதினார்? பாடல்வரிகள் ரூக்கெர்ட் என்ற கவிஞருடையவை. 1833-34 குளிர்காலத்தில் பதினைந்து பதினாறு நாள் இடைவெளியில் அவருடைய இரண்டு குழந்தைகள் போய்விட்டார்கள், லூயிஸ, ஏர்ன்ஸ்ட். அவர் நானூறுக்கும் மேல் கவிதை எழுதித் தள்ளினார். அவற்றைத் தொகுப்பாக அச்சிடக் கொடுக்கவில்லை, அவர் செத்த பிறகுதான் வந்தது. மாலர் பதினான்கு வயதில் தன் தம்பியைப் பறிகொடுத்தவர். அந்தத் தம்பி பெயரும் ஏர்ன்ஸ்ட். பதினான்கு பிள்ளை பிறந்த வீடு அது, பாதிக்குக் குறையாமல் வளரும் முன்பே போய்விட்டார்கள். அந்தப் பாட்டு முன்னால் பார்க்கவில்லை அம்மா, பின்னால் திரும்பிப் பார்க்கிறது. நந்திவர்மன் கலம்பகம் கேட்டே செத்தான் என்று நாமும் எத்தனையோ காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எழுதுகிறவனுக்கு இதில் ஒரு ரகசியப் பெருமை இருக்கிறது, என் எழுத்துக்கு ஆளைக் கொல்லும் பலம் உண்டு என்று. கிடையாது. மரியாவைக் கொன்றது ஸ்கார்லெட் காய்ச்சலும் தொண்டை அடைப்பானும்.

இவ்வளவு கறாராகப் பேசுகிறேன். ஆனால் என் அப்பத்தா இருந்திருந்தால் உங்கள் அம்மா பக்கம்தான் நின்றிருப்பாள்.

அப்பத்தா ஒப்பாரியில் பெயர் எடுத்தவள். சுற்றுப்பட்டில் சாவு விழுந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். ஏழெட்டு வயதில் எனக்கு அந்தப் பாட்டுமேல் ஒரு கிறுக்கு. பாடு அப்பத்தா என்று வீட்டில் கேட்டால் வாயைப் பொத்துவாள். சாவு விழாத வீட்டில் பாடினால் சாவைக் கூப்பிட்டதாகும். ரொம்ப நச்சரித்தால் கடலைக்கொல்லைக்குக் கூட்டிப்போவாள். பம்புசெட் ரூமுக்குப் பின்னால், ஊருக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். மடியில் கடலையைப் போட்டு உடைத்துக்கொண்டே மெல்லிய குரலில் ஆரம்பிப்பாள். நடுவில் சொத்தைக் கடலை வந்தால் நிறுத்தி, எறிந்துவிட்டு, விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வாள். அந்தப் பாட்டில் இரண்டு பெயர் திரும்பத் திரும்ப வரும். வீட்டில் யாரும் சொல்லிக் கேட்காத பெயர்கள். எனக்கு இன்னும் இரண்டு அத்தைகள் இருந்தார்கள் என்பதே அந்தப் பாட்டில்தான் தெரியும். முடிந்ததும் வாய்க்காலில் வாயைக் கொப்பளித்து, காலைக் கழுவி, என் காலையும் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவாள்.

மாலர் உட்கார்ந்து இசை எழுதிய குடிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கே இருந்தது அது? வீட்டில் இல்லை. கரையிலும் இல்லை. வீட்டுக்கு மேலே காட்டுக்குள், ஏறிப் போக வேண்டிய தூரத்தில் ஒற்றை அறை, மூன்று ஜன்னல், ஒரு பியானோ. விடிந்ததும் போய்விடுவார். காலைச் சாப்பாட்டை வேலைக்காரப் பெண் வேறொரு செங்குத்தான வழியாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அந்நேரத்தில் மனித முகம் அவர் கண்ணில் படக்கூடாது. நான் ஒரு செப்டம்பரில் அங்கே ஏறியபோது பாலும் ரொட்டியும் சுமந்து சறுக்கிய அந்தப் பெண்ணைத்தான் நினைத்தேன். மத்தியானம் இறங்கி வந்து ஏரியில் முங்கி எழுந்த பிறகுதான் வீட்டு மனிதர் ஆவார். இதைப் படித்தபோது எனக்கு வாய்க்கால்தான் ஞாபகம் வந்தது.

அல்மாவுக்கு அந்தத் தூரம் போதவில்லை. அரைமணி நேரம் முன்பு பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டுப் போனவர் எப்படி அவர்கள் சாவைப் பாட முடியும் என்று நினைவுக்குறிப்பில் கேட்கிறார். அல்மா எழுதியதில் தேதியும் சங்கதியும் நிறையப் புரண்டு கிடக்கும், உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆனாலும் 1904-இல் கையில் கைக்குழந்தை இருந்த பெண் அவர். உங்கள் அம்மா சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறார். மரியாவுக்குத் தொண்டையை அறுத்து மூச்சுவிட வழிசெய்த இரவில் அதே அல்மா வீட்டில் நிற்க முடியாமல் ஏரிக்கரைக்கு ஓடி, யாருக்கும் கேட்காத இடத்தில் கதறியதாக எழுதியிருக்கிறார். அந்தக் கரையைப் பற்றிச் சொல்லப்பட்டதில் என்னால் மறக்க முடியாதது இதுதான், பிராம்ஸின் பறக்கும் ராகங்கள் அல்ல. அந்தக் கோடைக்குப் பிறகு அவர்கள் அங்கே குடியிருக்கத் திரும்பவில்லை.

இருபத்தெட்டு வருஷம் கழித்து அல்மா இன்னொரு மகளையும் இழந்தார். மனோன், இரண்டாம் கணவர் குரோப்பியஸுக்குப் பிறந்தவள், பதினெட்டு வயது, இளம்பிள்ளைவாதம். 1935 ஏப்ரல். அந்தப் பெண்ணுக்காக ஆல்பன் பெர்க் வயலின் கான்செர்ட்டோ எழுதினார், தனி வயலினும் வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசை அது. எழுதியது அதே தென்கரையில், ஔவன் என்ற இடத்து வீட்டில். எதிர்க்கரையில்தான் பிராம்ஸ் தன் வயலின் கான்செர்ட்டோவை எழுதிய பொர்ச்சாக். ஆகஸ்டில் முடித்தார், ஒரு பூச்சி கடித்தது, கட்டி புரையோடி டிசம்பர் 24 அன்று போய்விட்டார். அந்தக் கான்செர்ட்டோவை ஒருமுறைகூட அரங்கில் கேட்கவில்லை. 'பார்த்தாயா' என்பார் உங்கள் அம்மா. ஆன்டிபயாடிக் கைக்கு வராத காலம் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை.

கதைக்கு வருகிறேன். "ஒரு குழந்தை சாகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பிள்ளைக்குப் பெயர் இல்லையா? முதலில் ஒரு பெயர் வையுங்கள். வீட்டு மேஜையில் எழுத வேண்டாம். கிராஸில் நூலகம் இருக்கும், இல்லாவிட்டால் டிராமில் கடைசி நிறுத்தம் வரை போய்வந்து எழுதுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டியதில்லை. மகளைப் பள்ளியிலிருந்து கூப்பிடப் போகும் முன் முகம் கழுவிக்கொள்ளுங்கள்.