பிட்யூட்டரி செல்லின் மின்துடிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மின்துடிப்பு என்றால் நரம்புதான் நினைவுக்கு வருகிறது. பிட்யூட்டரி வெறும் சுரப்பி. அதன் செல்களுக்கு மின்சாரம் எதற்கு?

பதில்: கால்சியத்தை உள்ளே விடுவதற்கு. செல்லுக்கு வெளியே சுமார் 1.5 மில்லிமோலார் கால்சியம் இருக்கிறது. உள்ளே, ஓய்வில், வெறும் 0.1 மைக்ரோமோலார். ஏறத்தாழ 15,000 மடங்கு வித்தியாசம். நிரம்பிய அணை போன்ற நிலை இது. சவ்விலுள்ள கால்சியம் சேனல்கள்தான் மதகு. சவ்வின் மின்னழுத்தம் சட்டென ஏறி இறங்குவதே மின்துடிப்பு; அது ஏறினால் மதகு திறக்கும். உள்ளே பாயும் கால்சியத்தை உணரும் புரதங்கள், ஹார்மோன் அடைத்த நுண்பைகளைச் சவ்வோடு ஒட்டவைத்து வெளியே கொட்டச் செய்கின்றன. எலியின் பிட்யூட்டரிக் கட்டியிலிருந்து வளர்த்த ஜி.எச்.3 செல்களில் இத்தகைய கால்சியம் துடிப்புகளையும், அவற்றுக்கும் பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினின் சுரப்புக்கும் உள்ள தொடர்பையும் கிடோகோரோ என்ற ஆய்வாளர் 1975இல் காட்டினார்.

இந்தச் செல்கள் யாரும் தூண்டாமலே துடிக்கும். சோடியம் சிறிது சிறிதாக உள்ளே கசிந்துகொண்டே இருப்பதால், மின்னழுத்தம் துடிப்பு எழும் எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. நரம்பின் சோடியம் சேனலை அடைக்கும் டெட்ரோடோடாக்ஸினைக் கொடுத்தாலும் பெரும்பாலான செல்களில் துடிப்பு தொடரும். வெளிக்கரைசலிலிருந்து சோடியத்தையே எடுத்துவிட்டால்தான் அடங்கும். கசிவு வேறு, துடிப்பைச் சுமக்கும் சேனல் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கேள்வி: எல்லாச் செல்களும் தானாகத் துடிக்கின்றன என்றால், சிலவற்றில் மட்டும் ஹார்மோன் தானாகச் சுரப்பது ஏன்?

பதில்: மிக நல்ல கேள்வி, இந்தத் துறையின் மையமே இதுதான். எத்தனை முறை துடிக்கிறது என்பதைவிட, ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே முக்கியம். எல்.எச்., எஃப்.எஸ்.எச். எனும் இனப்பெருக்க ஹார்மோன்களைச் சுரக்கும் கொனாடோட்ரோஃப் செல்லில் துடிப்பு உயரமாக எழுந்து, 100 மில்லிவிநாடிக்குள் விழுந்துவிடும். மதகு திறந்தவுடன் மூடிவிடுகிறது, கால்சியம் தேங்குவதில்லை. புரோலாக்டின் செல்லிலும் வளர்ச்சி ஹார்மோன் செல்லிலும் துடிப்பு குள்ளமானது. ஆனால் கீழே இறங்காமல், மேட்டில் தத்தளித்தபடி சில விநாடிகள் நிற்கும். அந்த நேரம் முழுவதும் கால்சியம் பாய்கிறது, ஹார்மோன் வெளியேறுகிறது.

வியப்பு எங்கே என்றால், இந்த மேட்டை உருவாக்குவதில் பெரும்பங்கு பி.கே. எனும் பொட்டாசியம் சேனலுக்கு. பொட்டாசியம் வெளியேறினால் மின்னழுத்தம் இறங்க வேண்டும். துடிப்பு சீக்கிரம் முடியும் என்றுதான் யாரும் கணிப்பார்கள். நடப்பது நேர் எதிர். பி.கே. சேனல்கள் கால்சியம் பட்டால் திறப்பவை; கால்சியம் சேனல்களை ஒட்டியே அமர்ந்திருப்பதால், துடிப்பு உச்சிக்குப் போகுமுன்பே திறந்து அதன் தலையைத் தட்டிவிடுகின்றன. உச்சி குறைந்ததால், உயர்ந்த மின்னழுத்தத்தில் மட்டுமே முழுதாகத் திறக்கும் மற்றப் பொட்டாசியம் சேனல்கள் போதிய அளவு திறப்பதில்லை. துடிப்பை முடித்துவைப்பவை அவைதான். முடிப்பவர் வராததால் துடிப்பு மேட்டிலேயே நிற்கிறது. வளர்ச்சி ஹார்மோன் செல்லில் பி.கே.யை அடைத்துப் பார்த்தால் நீண்ட துடிப்புகள் மறைந்து ஒற்றைத் துடிப்புகளாகின்றன. உள்ளிருக்கும் கால்சியமும் குறைகிறது. இதற்குப் பி.கே. வேகமாகத் திறப்பது அவசியம். மெதுவாகத் திறந்தால் உச்சி போனபிறகு வந்து சேரும். அப்போது நாம் முதலில் கணித்தபடி துடிப்பைச் சுருக்கத்தான் செய்யும்.

கேள்வி: எலியின் பிட்யூட்டரி செல்களில் பேட்ச் கிளாம்ப் (பைப்பெட் எனும் நுண்கண்ணாடிக் குழாயைச் செல்லின் சவ்வில் ஒட்டி மின்னழுத்தத்தைப் பதியும் முறை) செய்கிறோம். முதல் ஓரிரு நிமிடம் நீண்ட துடிப்புகள் வருகின்றன. பிறகு ஒற்றைத் துடிப்பாகி, நின்றும் போகின்றன. செல் இறந்துவிடுகிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை, செல்லின் உள்ளடக்கம் கழுவப்படுகிறது. 12 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள செல்லின் கொள்ளளவு ஒரு பிக்கோலிட்டர் அளவுதான். பைப்பெட்டில் இருப்பதோ பல மைக்ரோலிட்டர். பைப்பெட் நுனியிலுள்ள சவ்வை உடைத்தவுடன், ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யும் சைகை மூலக்கூறான சைக்ளிக் ஏ.எம்.பி.யும் பைப்பெட்டுக்குள் கரைந்துபோகும். உங்கள் கரைசலிலுள்ள இ.ஜி.டி.ஏ. உள்ளே வந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பி.கே. எப்படி வேலை செய்யும்?

சவ்வை உடைக்காமல், ஆம்போடெரிசின் பி எனும் பூஞ்சைக்கொல்லி மருந்து கொண்டு துளையிடுங்கள். டி.எம்.எஸ்.ஓ. எனும் கரைப்பானில் மில்லிலிட்டருக்கு 60 மில்லிகிராம் கரைத்து, பைப்பெட் கரைசலில் 240 மைக்ரோகிராமாக வரும்படி அன்றன்றைக்குக் கலக்குங்கள். வெளிச்சம் பட்டால் கெடும். அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள். பைப்பெட்டின் நுனியை மருந்தில்லாத கரைசலில் சில விநாடி முக்கியெடுத்துவிட்டு, மருந்துள்ளதைப் பின்புறமாக நிரப்ப வேண்டும். நுனியிலேயே மருந்து இருந்தால் சீல், அதாவது பைப்பெட்டுக்கும் சவ்வுக்கும் இடையிலான இறுக்கமான ஒட்டு, பிடிக்காது. சீல் பிடித்தபின் 10 முதல் 20 நிமிடம் பொறுங்கள். அணுகு மின்தடை (பைப்பெட்டிலிருந்து செல்லின் உட்புறம் வரையிலான தடை) படிப்படியாக இறங்கும். திடீரென்று சரிந்தால் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். அந்தச் செல்லை விட்டுவிடுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று சீலின் தரம். செல்லின் மின்தடையை 5 கிகாஓம், ஓய்வழுத்தத்தை மைனஸ் 60 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீல் 20 கிகாஓம் இருந்தால் நீங்கள் காண்பது மைனஸ் 48. சீல் வெறும் 2 கிகாஓம் என்றால் மைனஸ் 17! அந்த அழுத்தத்தில் எந்தச் செல்லும் இயல்பாகத் துடிக்காது. கருவியிலிருந்து 1 பிக்கோஆம்பியர் தவறுதலாகப் போனாலே 5 மில்லிவோல்ட் நகரும் என்பதால், பதிவுக்கு முன் செலுத்தும் மின்னோட்டம் சுழியம்தானா என்றும் பாருங்கள்.

கேள்வி: வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன் சிலருக்குப் பால் சுரக்கவைக்கிறதே, ஏன்?

பதில்: புரோலாக்டின் செல்லுக்கு மூளை அனுப்பும் முக்கியக் கட்டளை 'நிறுத்து' என்பதுதான். ஹைப்போதலாமஸிலிருந்து வரும் டோபமைன், டி2 ஏற்பியில் அமர்ந்து பொட்டாசியம் சேனல்களைத் திறக்கிறது; மின்னழுத்தம் இறங்கி, துடிப்பு அடங்குகிறது. டோம்பெரிடோன் அந்த ஏற்பியை அடைத்துவிடுவதால் தடை நீங்கி, செல் தன் இயல்புப்படி துடிக்கிறது. வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, மனநல மருந்தான ரிஸ்பெரிடோன் ஆகியவையும் இப்படித்தான். ஆகவே புரோலாக்டின் பரிசோதனைக்குப் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மனநல மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புரோலாக்டின் கட்டிக்குக் கொடுக்கும் கேபர்கோலின் இதே ஏற்பியை எதிர்த்திசையில், டோபமைன்போலத் தூண்டுகிறது.

கேள்வி: மூளையிலிருந்து வரும் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோன் பட்டதும் கொனாடோட்ரோஃபின் மின்னழுத்தம் இறங்குகிறது என்று படித்தேன். பிறகு எல்.எச். எப்படி வெளிவரும்?

பதில்: அங்கே முதல் கால்சியம் வெளியிலிருந்து வருவதில்லை, செல்லுக்குள் எண்டோபிளாச வலையில் சேமித்தது ஐ.பி.3 சைகையால் அலையலையாக வெளிவருகிறது. ஒவ்வொரு அலையும் நுண்பைகளைத் திறப்பதோடு எஸ்.கே. எனும் பொட்டாசியம் சேனலையும் திறக்கிறது. நீங்கள் படித்த இறக்கம் அதுதான். அலை ஓய்ந்ததும் செல் துடித்தெழுந்து, வெளியிலிருந்து கால்சியத்தை இழுத்துச் சேமிப்பை நிரப்பிக்கொள்கிறது. வெளிக்கால்சியத்தை அகற்றினால் முதல் சில நிமிடங்கள் அலைகள் வரும். சேமிப்பு தீர்ந்ததும் நின்றுவிடும்.