பட்டை போட்ட கோலா உருண்டை

கேள்வி: ‘எ டச் ஆஃப் ஸ்பைஸ்’ என்ற கிரேக்கப் படத்தில், கறி உருண்டைக்குச் சீரகம் வேண்டாம், பட்டை போடு என்பார் தாத்தா. கோலா உருண்டையில் அப்படிச் செய்தேன். கசந்தது, எண்ணெயில் உதிர்ந்தும் போனது. ஏன்?
- வாசகி, பாபநாசம்

பதில்: தாத்தா சொன்னது ருசிக்காக இல்லையே! சீரகம் ஆளை உள்ளுக்குள் ஒடுக்கும், பட்டை கண்ணுக்குக் கண் பார்க்க வைக்கும் என்பது அவர் கணக்கு. 1964இல் இஸ்தான்புல்லிலிருந்து கிரேக்கர்கள் வெளியேற்றப்பட்டதை அறிந்து பார்த்தால், டாஸோஸ் புல்மெட்டிஸின் இந்த 2003 படம் இன்னும் கனக்கும்.

இனி அடுப்படிக்கு. கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் கேசியா. உறைப்பு அதிகம், கூடினால் கசக்கும். படலம் படலமாகச் சுருண்டு, விரலில் நொறுங்குவது இலங்கைப் பட்டை. அரைக் கிலோ கொத்துக்கறிக்கு அதன் பொடி கால் டீஸ்பூன் போதும். சோம்பைப் பாதியாக்குங்கள், இல்லாவிட்டால் பட்டை வாசனை அமுங்கிவிடும்.

உதிர்வது பெரும்பாலும் ஈரத்தால். கறியை நீர் சுண்ட வதக்கி, ஆறவிட்டு, தண்ணீர் விடாமல் அரைத்து, 3 மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு சேருங்கள். எண்ணெய் காயாவிட்டாலும் பிரியும். முதலில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் இன்னொரு கரண்டி மாவு. அல்லது நனைத்த வாழைநாரைச் சுற்றிப் பொரியுங்கள், உங்கள் ஊரில் வாழைக்கா பஞ்சம்?