அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் வைட் ரிசீவர்கள் ஏன் பெரும்பாலும் கறுப்பினத்தவர்? மற்ற பையன்களுக்கு அந்த இடத்தில் எதிர்காலம் உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டிலும் ஒருத்தன் பசைக் கையுறையை மாட்டிக்கொண்டு கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறான் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். என் வீட்டில் ஓடினான்.

நாங்கள் டல்லாஸ் பக்கம். இங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே பள்ளி மைதானத்தில்தான் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் என் மகன் ரிசீவர் ஆகணும் என்றான். அதாவது ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிற ஆள். அதற்கு முந்தைய கோடை முழுக்க கராஜ் சுவரில் டென்னிஸ் பந்தை அடித்து ஒற்றைக் கையால் பிடித்துப் பழகினான். சுண்டுவிரல் பிசகியபோது பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு மறுபடி போய் நின்றான்.

தேர்வு நாளன்று 40 யார்டு ஓட்டம். கோச் கையில் ஸ்டாப்வாட்ச். வேலிக்கு இந்தப் பக்கம் நான். என் மகனுக்கு 5.0 விநாடி என்று கத்தினார். அடுத்து ஓடிய கறுப்பினப் பையனுக்கும் 5.0. அவனை ரிசீவர் வரிசைக்குப் போகச் சொன்னார். என் மகனிடம், "நீ சாக்கர் ஆடியிருப்பாய் இல்லையா, கிக்கர் பக்கம் போ" என்றார். கிக்கர் என்றால் பந்தை உதைக்க மட்டும் வருகிற ஆள். சாக்கர் என்பது நம்ம ஊர் கால்பந்து, அவன் ஜென்மத்தில் அதை ஆடியதில்லை.

கோச் இனவெறியர் என்று நான் சொல்லவில்லை. "உங்க பையனுக்குத் திறமை பத்தலை சார்" என்று கமெண்ட் போடக் காத்திருப்பவர்கள் தாராளமாகப் போடுங்கள், இருக்கலாம். ஆனால் அவன் ஒரு பந்தைக்கூடப் பிடித்துக் காட்டவில்லையே, அதற்குள் எப்படித் தெரிந்தது?

ஒரு மாதம் வயிறெரிந்துகொண்டு திரிந்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மைதானத்துத் தின்பண்டக் கடையான கன்செஷன் ஸ்டாண்டில், ரிசீவர் வரிசைக்குப் போன அந்தப் பையனின் அப்பாவும் நானும் ஒன்றாக நேச்சோஸ் போட்டோம். உங்கள் மகனுக்கு நல்ல இடம் கிடைத்ததே என்று சொல்லிவைத்தேன். சீஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவன் மிடில் ஸ்கூல்ல ரெண்டு வருஷம் குவார்ட்டர்பேக். இங்கே வந்து அந்த வரிசையில்தான் போய் நின்றான். உனக்கு நல்ல வேகம் இருக்கு என்று இந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள்" என்றார். என் மகனுக்கும் அதே 5.0 தான் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1968ல் டென்வருக்கு ஆடிய கறுப்பின குவார்ட்டர்பேக் மார்லின் பிரிஸ்கோ, முதல் ஆண்டிலேயே 14 டச்டவுன் பாஸ் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தருகிற எறிதல்) எறிந்தார். அடுத்த ஆண்டு அவருக்கு அங்கே குவார்ட்டர்பேக் இடம் இல்லை. பஃபலோவுக்குப் போய் ரிசீவர் ஆனார், 1970ல் பந்து பிடித்தே ஆயிரம் யார்டைத் தாண்டினார். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கிற டிராஃப்ட் என்று ஒன்று ஆண்டுதோறும் உண்டு. 1978ல் அதில் வாரன் மூன் என்ற கறுப்பின குவார்ட்டர்பேக்கை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. குவார்ட்டர்பேக் ஆகவே ஆட கனடா போய் எட்மண்டன் அணியில் தொடர்ந்து 5 முறை அந்த லீகின் சாம்பியன் கிண்ணம் வென்றார். பழைய கதை என்பீர்கள். 2018ல் லமார் ஜாக்சன் என்ற கறுப்பின குவார்ட்டர்பேக்கையும் ரிசீவராக மாறச் சொன்னவர்கள் இருந்தார்கள். 32ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். 2019ல் ஒரு ஓட்டு சிதறாமல் எம்விபி, அதாவது லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஆக, ரிசீவர் இடத்தில் கறுப்பினத்தவர் நிறைந்ததற்கு வேகமும் உழைப்பும் காரணம்தான், மறுக்கவில்லை. பக்கத்துக் கதவான குவார்ட்டர்பேக் இடத்தைச் சாத்தி வைத்திருந்ததும் ஒரு காரணம்.

உங்கள் கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன். வெள்ளைக்கார ரிசீவர் வந்தால் வர்ணனையாளர்கள் சொல்வதைக் கவனியுங்கள்: "பார்த்தால் தெரியாது, ஆனால் வேகமானவன்", "புத்திசாலி", "கடும் உழைப்பாளி". ஒப்பிடுவதும் இன்னொரு வெள்ளைக்காரரோடுதான், பெரும்பாலும் வெஸ் வெல்கர். அவரை 2004ல் யாருமே தேர்ந்தெடுக்கவில்லை. ஆடம் தீலனையும் அப்படித்தான், 2013ல் முயற்சி முகாம் வழியாக உள்ளே வந்தார். இன்னொரு வெள்ளைக்காரர் கூப்பர் கப் 40 யார்டை 4.62 விநாடியில் ஓடினார், 2017 டிராஃப்டில் 69ஆவது இடம். அதே ஆண்டு 4.22ல் ஓடிய கறுப்பின ரிசீவர் ஜான் ராஸ் 9ஆவது. 2021ல் கப் 145 பந்து பிடித்து 1,947 யார்டு, 16 டச்டவுன், மூன்றிலும் லீகில் முதலிடம். ராஸ் நிலைக்கவே இல்லை. கப் சின்னக் கல்லூரிக்காரர், அதுவும் சேர்ந்ததுதான், எல்லாமே நிறம் என்று சாதிக்க வரவில்லை. ஆனால் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு முதல் சம்பளம் எத்தனையாவதாக எடுத்தார்கள் என்பதை வைத்துத்தான். அறுபது இடம் பின்னால் போனால் கைக்கு வருவது எங்கேயோ இறங்கிவிடும்.

நம்மாள் என்று பார்த்தால் பிராண்டன் சில்லர் நினைவுக்கு வருகிறார், அப்பா இந்தியர். அவர் லைன்பேக்கர், தடுப்பு வரிசை ஆள். ரிசீவர் யாரும் என் கண்ணில் படவில்லை. அதற்காகப் பையனைத் தடுக்காதீர்கள். ஓட்டத்தை மட்டும் பார்க்காமல் பந்து பிடிப்பதையும் பார்க்கிற கோச் எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள்.

என் மகன் இரண்டு வருஷம் கிக்கர். இப்போது காலேஜில் ஞாயிற்றுக்கிழமை ஃபிளாக் ஃபுட்பால் (ஆளைத் தள்ளாமல் இடுப்புப் பட்டையைப் பிடுங்குகிற ஆட்டம்) ஆடுகிறான், ரிசீவராக. அந்தப் பையன் கடைசிவரை ரிசீவர்தான். பந்து எறிய அவனை யாரும் கூப்பிடவில்லை.

இன்னொன்று, சம்பந்தமில்லைதான். பள்ளி அணிக்குப் பணம் திரட்டுகிற பெற்றோர் சங்கமான பூஸ்டர் கிளப்புக்கு 60 டாலர் கட்டினால் பெற்றோருக்கு ஒரு டி-ஷர்ட் என்றார்கள். நாலு சீசன் நேச்சோஸ் போட்டிருக்கிறேன். அந்த டி-ஷர்ட் இன்னும் வரவில்லை. கேட்டால் என் சைஸ் தீர்ந்துவிட்டதாம். நான் மீடியம்.