மாத்திரைக்கும் சிறுகுறிஞ்சானுக்கும் இடைவெளி விட்டால் போதுமா?

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் விவசாயம் செய்கிறேன். வயது 58. சர்க்கரைக்குக் காலையில் கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், இரண்டு வேளை மெட்ஃபார்மின் 500. சம்பந்தி சொன்னாரென்று ஒரு மாதமாகச் சிறுகுறிஞ்சான் பொடியும் வெறும் வயிற்றில் குடிக்கிறேன். ஒரு மணி நேரம் கழித்தே மாத்திரை. சில நாள் பதினொரு மணிக்கு மடை திருப்பும்போது கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறது. பொடி வேலை செய்கிறது என்கிறார் மனைவி. தொடரலாமா?

பதில்: வீட்டம்மா சொல்வது சரியாகவே இருக்கலாம். சிக்கலே அதுதான்.

கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா, வெயிலில் மண்வெட்டி பிடிக்கிறீர்களா என்று அது பார்ப்பதில்லை. சிறுகுறிஞ்சானும் சர்க்கரையைக் குறைக்கக்கூடும் எனச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டும் ஒரே பக்கம் இழுக்க, காலைச் சாப்பாடும் தள்ளிப்போனால் ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். நீங்கள் சொல்லும் நடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் அதன் அடையாளம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது.

இடைவெளி விட்டால் சரியாகிவிடும் என்று நம்பாதவர் குறைவு. ஊறவைத்த வெந்தயத்தின் வழவழப்பு, மாத்திரை உடம்பில் ஏறுவதைத் தாமதப்படுத்தலாம். அங்கே இடைவெளிக்குப் பொருள் உண்டு. கிளிமிபிரைடின் வேலையோ ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நீடிக்கும். ஒரு மணி நேரம் அதற்கு எம்மாத்திரம்?

ஆகவே பொடியை இப்போதே நிறுத்துங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் பொடிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். திட்டுவார் என்று மறைப்பதால்தான் பாதிக் குழப்பம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கிளிமிபிரைடு வகை மாத்திரை சர்க்கரையை இன்னும் ஆழமாக இறக்கிவிடும்.

மறுபடி நடுங்கினால் மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தாலும் சரி, மீட்டரே கையில் இல்லாவிட்டாலும் சரி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் ஏறவில்லையென்றால் இன்னொரு முறை, பிறகு சாப்பாடு. சிறுகுறிஞ்சான் நாக்கில் பட்டிருந்தால் சர்க்கரை இனிக்காமல் மணல் போலிருக்கும், துப்பிவிடாதீர்கள். மாத்திரை அட்டையில் வோக்ளிபோஸ் (இதுவும் ஒரு சர்க்கரை நோய் மருந்து) என்றும் இருந்தால் சாதாரணச் சர்க்கரை உடனே வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லி வையுங்கள். தேறிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம்.

பாகற்காய்ப் பொரியல், வெந்தயக்கீரை எல்லாம் சாப்பாட்டு அளவில் தாராளமாகச் சாப்பிடலாம். டம்ளர் டம்ளராகச் சாறு குடிப்பது வேறு. முகவரியில்லாத ‘சர்க்கரைப் பொடி’களைத் தொடவே வேண்டாம்: சிலவற்றில் ஆங்கில மருந்தையே கலந்திருந்தது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. மூலிகைதான் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவில் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். இரு மருத்துவருக்கும் தெரிந்தே நடக்கட்டும்.

அதுவரை காலைச் சாப்பாட்டை முடிக்காமல் தோட்டத்துக்குக் கிளம்ப வேண்டாம். வேட்டி மடியில் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கட்டும்.